உயிரியலில் முதுகலைப் பட்டம்: தகுதி, காலம், செலவு, சேர்வதற்கு முன் கேட்க வேண்டியவை

1970-ஆம் ஆண்டுகளில் செம்பனைத் தோட்டங்களில் வேலை செய்தவர்களுக்கு, பூங்குலைகளுக்கு மகரந்தத் தூள் தெளிக்கும் வேலை நினைவிருக்கும். டால்கம் பவுடருடன் கலந்த மகரந்தத்தை எடுத்துக்கொண்டு மரத்துக்கு மரம் போய்க் கையால் தெளிப்பார்கள். அந்த வேலையைச் செய்தவர்களில் பெண்கள் பலர். மலேசியாவில் செம்பனை சரியாகக் காய்க்க வேண்டுமென்றால் இதற்கு வேறு வழியில்லை என்றுதான் அன்று நினைத்தார்கள்.

செம்பனையின் தாயகமான ஆப்பிரிக்காவில் யாரும் இப்படித் தெளிப்பதில்லை. ஆனாலும் குலைகள் நன்றாகக் காய்த்தன. காரணத்தைத் தேடி ஆர்.ஏ. சையத் என்ற பூச்சியியல் ஆய்வாளர் கெமரூனில் ஆராய்ந்தார். பூவிலிருந்து பூவுக்கு மகரந்தத்தைக் கொண்டுபோவது ஒரு சின்னஞ்சிறு வண்டு என்று தெரிந்தது. அந்த வண்டு மற்றப் பயிர்களுக்குக் கேடு செய்யாது என்று சோதித்துப் பார்த்த பிறகு, 1981-இல் மலேசியத் தோட்டங்களில் விட்டார்கள். சில ஆண்டுகளிலேயே கையால் மகரந்தம் தெளிக்கும் வேலை தோட்டங்களிலிருந்து மறைந்துபோனது.

உயிரியல் படிப்பு என்ன செய்யும் என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு வண்டின் கதை போதும். விளைச்சலைக் கூட்டியதும் அதுதான், பல குடும்பங்களின் நாள் சம்பளத்தை மாற்றியதும் அதுதான். ஆனாலும் நம் குடும்பங்களில் உயிரியல் என்றால் மருத்துவத்துக்குப் போகும் வழி என்றே பலர் நினைக்கிறார்கள். மருத்துவத்துக்கு இடம் கிடைக்காமல் உயிரியலில் இளங்கலை முடித்த பிள்ளையைப் பார்த்து, "அடுத்து என்ன?" என்று கேட்டால் வீட்டில் யாருக்கும் பதில் தெரிவதில்லை. முதுகலை படிக்கலாமா, அதற்கு என்ன வேண்டும், எவ்வளவு நாள் ஆகும், யார் பணம் கட்டுவது என்ற கேள்விகளுக்கான பதில்கள் இங்கே தொகுத்துத் தரப்படுகின்றன.

முதுகலை எந்த நிலையில் வருகிறது?

மலேசியாவில் எல்லா உயர்கல்விச் சான்றிதழ்களும் எம்.கியூ.எஃப். எனப்படும் தேசியத் தகுதிக் கட்டமைப்பின்படி நிலை பிரிக்கப்பட்டுள்ளன. இளங்கலை 6-ஆம் நிலை, முதுகலை 7-ஆம் நிலை, முனைவர் பட்டம் 8-ஆம் நிலை. 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த எம்.கியூ.ஏ. என்ற தகுதி நிர்ணய நிறுவனம் இதைக் கண்காணிக்கிறது. ஒரு படிப்பு அங்கீகாரம் பெற்றதா என்பதை எம்.கியூ.ஏ. இணையத்தளத்தில் உள்ள பதிவேட்டில் எவரும் இலவசமாகப் பார்க்கலாம். பணம் கட்டுவதற்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை இது. பல்கலைக்கழகம் பெயர் பெற்றது என்பதற்காக அங்குள்ள எல்லாப் படிப்பும் பதிவில் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சேரப்போகும் படிப்பின் பெயரையே தேடிப் பார்க்க வேண்டும்.

மூன்று வகை

முதுகலைப் படிப்பு மூன்று வகையாக நடத்தப்படுகிறது.

முதலாவது, ஆய்வு முறை. இதில் வகுப்புகள் மிகக் குறைவு. ஆய்வு நெறிமுறை, புள்ளியியல் போன்ற ஓரிரு பாடங்கள் இருக்கலாம். மற்றபடி ஒரு மேற்பார்வையாளரின் கீழ் ஒரே தலைப்பில் ஆராய்ந்து, முடிவுகளை ஆய்வேடாக எழுதிக் கொடுக்க வேண்டும். பட்டம் கிடைப்பதும் கிடைக்காததும் அந்த ஆய்வேட்டைப் பொறுத்தது. உயிரியலில் பெரும்பாலோர் எடுப்பது இந்த வகைதான்.

இரண்டாவது, பாட முறை. வகுப்பு, சோதனைக்கூடம், தேர்வு, ஒரு சிறிய ஆய்வுத் திட்டம் என்று நடக்கும். குறைந்தது 40 கிரெடிட் முடிக்க வேண்டும். ஒரு கிரெடிட் என்பது மாணவரின் 40 மணி நேர உழைப்பு. வகுப்பில் உட்கார்ந்திருக்கும் நேரம், வீட்டில் படிக்கும் நேரம், தேர்வுக்குத் தயார் செய்யும் நேரம் எல்லாம் இதில் அடங்கும். அப்படிப் பார்த்தால் 40 கிரெடிட் என்பது 1,600 மணி நேரம். வேலை செய்துகொண்டே வார இறுதியில் படிக்கலாம் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். வாரத்துக்கு 16 மணி நேரம் ஒதுக்கினாலும் 100 வாரம் ஆகும்.

மூன்றாவது, கலப்பு முறை. பாதி பாடம், பாதி ஆய்வு என்று சொல்லலாம். இதிலும் ஆய்வேடு உண்டு. ஆனால் ஆய்வு முறையில் எழுதுவதைவிடச் சிறியது.

பிற்காலத்தில் முனைவர் பட்டம் வரை போக நினைப்பவர்களுக்கு ஆய்வு முறையோ கலப்பு முறையோ பொருந்தும். ஏற்கெனவே ஆசிரியராகவோ சோதனைக்கூட ஊழியராகவோ வேலையில் இருந்து, அறிவைப் புதுப்பித்துக்கொள்ள நினைப்பவர்களுக்குப் பாட முறை வசதியானது.

நுழைவுத் தகுதி

உயிரியலிலோ அதை ஒட்டிய துறையிலோ இளங்கலைப் பட்டம் இருக்க வேண்டும். விலங்கியல், தாவரவியல், நுண்ணுயிரியல், உயிர்வேதியியல், உயிரித் தொழில்நுட்பம், சுற்றுச்சூழல் அறிவியல், விவசாய அறிவியல் ஆகியவை பொதுவாக ஏற்கப்படும்.

அடுத்தது மதிப்பெண். மலாயில் பி.என்.ஜி.கே. என்றும் ஆங்கிலத்தில் சி.ஜி.பி.ஏ. என்றும் சொல்லப்படும் ஒட்டுமொத்தச் சராசரிதான் இங்கே கணக்கு. ஆய்வு முறை முதுகலைக்குப் பொதுவான அளவு 2.75. அதற்குக் கீழே 2.50 வரை உள்ளவர்களைப் பல்கலைக்கழகம் தன் உள்மதிப்பீட்டுக்குப் பிறகு ஏற்றுக்கொள்ளலாம். 2.50-க்கும் குறைவாக இருந்தால், சம்பந்தப்பட்ட துறையில் குறைந்தது 5 ஆண்டு வேலை அனுபவம் கேட்கப்படும். இது நாடு முழுவதற்குமான அடிப்படை அளவு மட்டுமே. சில பல்கலைக்கழகங்கள் 3.00 கேட்கும். ஆகவே விண்ணப்பிக்கும் துறையின் நிபந்தனையைத் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் வகுப்பில், அதாவது 3.67-க்கு மேல் எடுத்துத் தேர்ச்சி பெற்றவர்கள் முதுகலை படிக்காமல் நேரடியாக முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கவும் வழி உண்டு. முதுகலை ஆய்வில் சேர்ந்து, தொடக்கத்திலேயே நல்ல முன்னேற்றம் காட்டுபவர்கள் அதையே முனைவர் ஆய்வாக மாற்றிக்கொள்ளவும் விண்ணப்பிக்கலாம். ஆனால் இப்படி மாற்றிக்கொண்டவர் இடையில் நிறுத்தினால் இரண்டு பட்டமும் கையில் இல்லாமல் போகும் அபாயம் உண்டு. வீட்டுச் சூழ்நிலை உறுதியாக இல்லாதவர்கள் முதலில் முதுகலையை முடித்துக்கொள்வது பாதுகாப்பு.

இந்தியாவில் பி.எஸ்சி. முடித்துத் திரும்பியவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. அங்கு மதிப்பெண் விழுக்காட்டிலும் வகுப்பிலும் தரப்படுகிறது. இங்குள்ள பல்கலைக்கழகம் அதை இந்நாட்டுச் சராசரிக்கு இணையாக மாற்றிப் பார்க்கும். பட்டம் தந்த பல்கலைக்கழகத்தின் அங்கீகாரத்தையும் சரிபார்க்கும். எல்லா செமஸ்டர் மதிப்பெண் பட்டியல்களையும், பாடத்திட்ட விவரத்தையும் கையோடு வைத்திருக்க வேண்டும். நாடு திரும்பிய பிறகு அவற்றை வாங்குவதற்கு மாதக்கணக்கில் ஆகலாம்.

மதிப்பெண் குறைந்தவருக்கு வழி உண்டா?

எடுத்துக்காட்டாக, 2.60 சராசரியுடன் இளங்கலை முடித்த ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். முதல் ஆண்டில் மொழிச் சிக்கல், பகுதிநேர வேலை, வீட்டில் அப்பாவுக்கு உடல்நலக் குறைவு என்று இரண்டு செமஸ்டர் வீணாகின. கடைசி ஆண்டில் நல்ல மதிப்பெண். இறுதியாண்டு ஆய்வுத் திட்டத்தில் ஏ. இவருக்குக் கதவு மூடிவிடவில்லை.

உள்மதிப்பீட்டில் வெறும் சராசரியை மட்டும் பார்ப்பதில்லை. எந்தப் பாடத்தில் என்ன மதிப்பெண், கடைசி ஆண்டில் ஏறியிருக்கிறதா, இறுதியாண்டுத் திட்டம் எப்படி, பரிந்துரைக் கடிதம் யார் தந்தார்கள் என்பவையும் எடைபோடப்படும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு மேற்பார்வையாளர் "இந்த மாணவியை நான் ஏற்றுக்கொள்கிறேன்" என்று சொன்னால் அது பெரிய பலம். ஓராண்டு ஆய்வு உதவியாளராகவோ சோதனைக்கூடத்திலோ வேலை செய்துவிட்டு விண்ணப்பிப்பதும் நல்ல வழி. அந்த ஓராண்டில் ஆய்வு வேலை தனக்குப் பிடிக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

எங்கே படிக்கலாம்?

தீபகற்ப மலேசியாவில் மலாயா பல்கலைக்கழகத்தின் அறிவியல் புலம், பாங்கியில் உள்ள தேசியப் பல்கலைக்கழகம், செர்டாங்கில் உள்ள புத்ரா பல்கலைக்கழகம், பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் ஆகியவை நீண்டகாலமாக உயிரியல் ஆய்வு நடத்துகின்றன. மலாயா பல்கலைக்கழகத்துக்கு வளாகத்திலேயே ரிம்பா இல்மு தாவரவியல் பூங்காவும், உலு கோம்பாக்கில் ஒரு கள ஆய்வு மையமும் உண்டு. பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்துக்குக் கடல் ஆய்வு மையம் இருக்கிறது. கொசு போன்ற நோய்பரப்பும் பூச்சிகளை ஆராயும் பிரிவும் அங்கே உண்டு. கடல் ஆமை, பவளப்பாறை போன்றவற்றுக்குத் திரெங்கானு பல்கலைக்கழகம் பெயர் பெற்றது. தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் ஆசிரியர் தொழிலில் நாட்டமுள்ளவர்களுக்கு ஏற்றது.

சபா, சரவாக் என்றால் தூரம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. சபா பல்கலைக்கழகத்தின் வெப்பமண்டல உயிரியல் ஆய்வுக்கழகம் காட்டு விலங்கு, காட்டுத் தாவர ஆய்வுக்கு ஏற்ற இடம். குரங்குகளிடமிருந்து மனிதருக்குப் பரவும் நோலெசி வகை மலேரியா, நினைத்ததைவிட அதிகமாக மனிதரைத் தாக்குகிறது என்பதை 2004-இல் உலகுக்குக் காட்டியது சரவாக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கப்பிட் பகுதியில் செய்த வேலைதான்.

பல்கலைக்கழகத்துக்கு வெளியிலும் ஆய்வு நடக்கிறது. கெப்போங்கில் உள்ள வன ஆய்வுக் கழகம், செம்பனை வாரியம், ரப்பர் வாரியம், 1900-இல் தொடங்கப்பட்ட மருத்துவ ஆய்வுக்கழகம் ஆகியவற்றின் விஞ்ஞானிகள், பல்கலைக்கழகத்தில் பதிந்த மாணவர்களுக்கு இணை மேற்பார்வையாளர்களாக இருப்பதுண்டு. தோட்டப்புறத்தில் வளர்ந்தவருக்கு இது ஒரு நல்ல வாய்ப்பு. செம்பனையின் அடித்தண்டை அழுகவைக்கும் கானோடெர்மா காளான், எலி பிடிக்கத் தோட்டங்களில் வளர்க்கப்படும் கூகை ஆந்தை, எலிச் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் காய்ச்சல் ஆகியவை அவர் சிறுவயதிலிருந்து கண்ணால் பார்த்தவை. ஆய்வகத்தில் வளர்ந்த மாணவருக்கு அந்தக் கண் கிடைக்காது.

மேற்பார்வையாளரைத் தேடுவது

ஆய்வு முறையில் சேர முதலில் தேட வேண்டியது மேற்பார்வையாளரை. பல துறைகளில் மேற்பார்வையாளரின் சம்மதம் இல்லாமல் விண்ணப்பம் நகராது. துறையின் இணையத்தளத்தில் விரிவுரையாளர்களின் பெயர், ஆய்வுத் துறை, அண்மைக் கட்டுரைகள் இருக்கும். ஒருவரின் இரண்டு கட்டுரைகளையாவது படித்துவிட்டு, சுருக்கமாக ஒரு மின்னஞ்சல் எழுத வேண்டும். தான் யார், இறுதியாண்டில் என்ன ஆராய்ந்தார், அவருடைய எந்த ஆய்வில் ஆர்வம், எப்போது சேர முடியும் என்ற நான்கு செய்திகள் போதும். மதிப்பெண் பட்டியலை இணைக்கலாம். ஒரே மின்னஞ்சலை இருபது பேருக்கு அனுப்பினால் அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டுவதில் தவறில்லை. பெரிய படிப்புப் படித்தவரிடம் எப்படிக் கேட்பது என்ற கூச்சத்தால் ஒதுங்கிக்கொள்ளும் மாணவர்கள் நம்மிடையே அதிகம். மாணவரைத் தேடுவது விரிவுரையாளரின் தேவையும்கூட. அவர் பெற்ற எஃப்.ஆர்.ஜி.எஸ். போன்ற அரசாங்க ஆய்வு நிதியில், முதுகலை அல்லது முனைவர் மாணவரை உருவாக்குவதும் எதிர்பார்க்கப்படும் பலன்களில் ஒன்று.

நேரில் சந்திக்கும்போது சில கேள்விகளைத் தயங்காமல் கேட்க வேண்டும். ஆய்வுக்கு நிதி இருக்கிறதா? அது எந்த மாதத்தோடு முடிகிறது? ஆய்வு உதவியாளர் படித்தொகை கிடைக்குமா? இப்போது அவரிடம் எத்தனை மாணவர்கள் இருக்கிறார்கள்? இதற்கு முன் முதுகலை முடித்தவர்கள் எத்தனை செமஸ்டரில் முடித்தார்கள்? முடிந்தால் அவருடைய மாணவர் ஒருவரிடம் தனியாகப் பேசிப் பார்ப்பது இன்னும் நல்லது.

முடிக்கக்கூடிய தலைப்பு

உயிரியலில் காலம் மாணவரின் கையில் இல்லை. மலேசியக் காடுகளின் மெராந்தி, கெருயிங் போன்ற பெருமரங்கள் ஆண்டுதோறும் பூப்பதில்லை. பல ஆண்டுகளுக்கு ஒருமுறை, காடு முழுவதும் ஒன்றாகப் பூக்கும். அடுத்தது எப்போது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. இரண்டு ஆண்டுப் படிப்பில் இந்த மரங்களின் விதையை மட்டுமே நம்பித் தலைப்பு எடுத்தவர், பூ வராவிட்டால் என்ன செய்வார்? கிழக்குக் கரையில் கடல் ஆய்வு என்றால் நவம்பர் முதல் பருவமழைக் காலத்தில் படகு போகாது. ஆண்டில் நான்கைந்து மாதம் கழிந்துவிடும்.

ஆகவே தலைப்பைத் தேர்ந்தெடுக்கும்போது, "முதல் முயற்சி தோற்றால் மாற்று வழி என்ன?" என்ற கேள்விக்குப் பதில் இருக்க வேண்டும். ஏற்கெனவே சேகரித்து வைத்த மாதிரிகளோ பல ஆண்டுத் தரவுகளோ உள்ள இடம் பாதுகாப்பு. நெகிரி செம்பிலானில் உள்ள பாசோ காட்டில் 50 ஹெக்டேர் பரப்பில் ஒவ்வொரு மரத்தையும் எண்ணிட்டு, பல பத்தாண்டுகளாக அளந்து வருகிறார்கள். அப்படிப்பட்ட தரவு உள்ள இடத்தில் ஒரு மாணவர் முதல் மாதத்திலிருந்தே வேலையைத் தொடங்க முடியும்.

அனுமதிகள்

பலர் அறியாமல் மாட்டிக்கொள்வது இங்கேதான். காட்டு விலங்கைப் பிடிக்கவோ மாதிரி எடுக்கவோ, தீபகற்பத்தில் 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பெர்ஹிலித்தான் இலாகாவின் அனுமதி வேண்டும். நிரந்தரக் காட்டுப் பகுதிக்குள் நுழைய மாநில வன இலாகாவின் அனுமதி வேண்டும். சபாவிலும் சரவாக்கிலும் சட்டங்களே வேறு; அங்குள்ள அமைப்புகளிடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். உயிரியல் வளங்களைப் பயன்படுத்துவது பற்றிய 2017-ஆம் ஆண்டுச் சட்டமும் நடப்பில் உள்ளது. பூர்வகுடி மக்களின் மூலிகை அறிவை ஆராய்வதானால் இந்தச் சட்டத்தைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

சோதனைக்கூடத்தில் எலி, முயல் போன்ற உயிருள்ள விலங்குகளைப் பயன்படுத்தினால் பல்கலைக்கழகத்தின் விலங்கு நெறிமுறைக் குழு ஒப்புதல் தர வேண்டும். மரபணு மாற்றிய உயிரிகள் என்றால் 2007-ஆம் ஆண்டு உயிரிப் பாதுகாப்புச் சட்டம். அரசு மருத்துவமனை நோயாளிகளின் இரத்தம், பதிவேடு என்றால் சுகாதார அமைச்சின் மருத்துவ ஆய்வு நெறிமுறைக் குழு.

இந்த அனுமதிகள் கிடைக்க மாதக்கணக்கில் ஆகும். ஒப்புதலுக்கு முன் எடுத்த மாதிரியை ஆய்வேட்டில் பயன்படுத்த முடியாது. பதிந்த பிறகு விண்ணப்பித்தால் ஒரு செமஸ்டர் சும்மா போகும். கட்டணம் மட்டும் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். முடிந்தவரை சேர்வதற்கு முன்பே மேற்பார்வையாளரின் பெயரில் விண்ணப்பத்தைத் தொடங்கிவிடுவது நல்லது.

படிப்பு எப்படி நகரும்?

முழுநேர ஆய்வு மாணவருக்குப் பொதுவாக ஓராண்டு முதல் மூன்று ஆண்டு வரை அவகாசம் உண்டு. பகுதிநேரத்துக்கு அதைவிடக் கூடுதல். நடைமுறையில் இரண்டு ஆண்டு என்று வைத்துக்கொண்டால் வேலை ஏறக்குறைய இப்படி அமையும்.

முதல் செமஸ்டரில் ஏற்கெனவே வந்த ஆய்வுகளைப் படிப்பது, ஆய்வு நெறிமுறைப் பாடம், பிறகு ஆய்வுத் திட்டத்தைக் குழுவின் முன் விளக்கி ஒப்புதல் பெறுவது. இரண்டாம், மூன்றாம் செமஸ்டரில் களப்பணி, சோதனைக்கூட வேலை, கணக்கீடு. நான்காம் செமஸ்டரில் எழுத்து. ஒவ்வொரு செமஸ்டர் முடிவிலும் முன்னேற்ற அறிக்கை தர வேண்டும். அது தொடர்ந்து திருப்தியில்லை என்று வந்தால் மாணவர் தகுதியையே இழக்கக்கூடும்.

புள்ளியியலைத் தள்ளிப்போடுவது பலர் செய்யும் தவறு. எத்தனை மாதிரி எடுக்க வேண்டும் என்பதை முதலிலேயே கணக்கிட வேண்டும். ஓராண்டு சேகரித்த பிறகு "மாதிரி போதாது" என்று தெரிந்தால் திரும்ப வழியில்லை. ஆர் என்ற கணினி மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. இளங்கலை முடித்து முதுகலை தொடங்குவதற்கு இடைப்பட்ட மாதங்களில் அதைக் கற்றுக்கொள்வது நல்ல முதலீடு.

ஆய்வேடும் தேர்வும்

ஆய்வேட்டை ஆங்கிலத்திலோ மலாயிலோ எழுதலாம். பல்கலைக்கழகத்தின் விதியைப் பார்க்க வேண்டும். கொடுப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்பே அறிவிப்பு தர வேண்டும். அப்போதுதான் தேர்வாளர்களை நியமிக்க முடியும். பிறர் எழுத்தை எடுத்திருக்கிறாரா என்று மென்பொருளால் சோதிப்பார்கள். இணையத்திலிருந்தோ செயற்கை நுண்ணறிவுக் கருவியிலிருந்தோ எடுத்து ஒட்டியவர் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வார்.

முதுகலை ஆய்வேட்டைப் பொதுவாக இரண்டு தேர்வாளர்கள் படிப்பார்கள். அவர்களில் ஒருவர் வெளியிலிருந்து வருபவர். பல இடங்களில் வாய்மொழித் தேர்வும் உண்டு. அதில் கேட்பது மனப்பாடம் அல்ல. ஏன் இந்த முறை, ஏன் இத்தனை மாதிரி, இந்த முடிவுக்கு வேறு விளக்கம் இருக்க முடியாதா என்பவைதான் கேள்விகள். முதல் தடவையிலேயே ஒரு திருத்தமும் இல்லாமல் தேறுபவர் மிகச் சிலர். சிறு திருத்தம், பெருந்திருத்தம் என்று வருவது வழக்கமானது. அதைத் தோல்வியாக நினைத்துச் சோர்ந்து, கடைசிப் படியில் விட்டுவிடக் கூடாது. சில பல்கலைக்கழகங்கள் பட்டம் தருவதற்கு முன் ஓர் ஆய்விதழ்க் கட்டுரையையும் எதிர்பார்க்கின்றன.

பாட முறையில் படிப்பவர்கள் பட்டம் பெறப் பொதுவாகச் சராசரி 3.00 வைத்திருக்க வேண்டும். இளங்கலையில் தேர்ச்சியாகக் கருதப்பட்ட மதிப்பெண் இங்கே போதாது.

பணத்துக்கு என்ன வழி?

அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் செமஸ்டர் கணக்கில் வசூலிக்கப்படுகிறது. ஆகவே தாமதம் என்றால் கூடுதல் செலவு. கட்டணத்தைவிட இரண்டு ஆண்டுச் சாப்பாடு, வாடகை, களப்பயணம், சம்பளம் வராத காலம் ஆகியவைதான் குடும்பத்துக்குப் பெரிய சுமை.

முதல் வழி, மேற்பார்வையாளரின் ஆய்வு நிதியிலிருந்து வரும் உதவியாளர் படித்தொகை. நிதி முடியும் நாளும் படிப்பு முடியும் நாளும் ஒன்றாக இருப்பதில்லை என்பதை மறந்துவிடக் கூடாது. எழுதும் காலத்தில் கையில் பணம் இருக்காது என்று எண்ணி, ஆறு மாதச் செலவை முன்கூட்டியே ஒதுக்கி வைப்பது நல்லது. இரண்டாவது, பல்கலைக்கழகத்தின் உதவித்தொகை, செய்முறை வகுப்பு நடத்தும் பகுதிநேர வேலை. மூன்றாவது, உயர்கல்வி அமைச்சின் மைபிரேய்ன் போன்ற உதவித் திட்டங்கள். இவற்றின் தகுதியும் திறக்கும் தேதியும் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் அமைச்சின் அறிவிப்பைத் தொடர்ந்து பார்க்க வேண்டும்.

ஊழியர் சேமநிதியின் செஜாத்ரா கணக்கிலிருந்து சொந்தப் படிப்புக்கோ பிள்ளைகளின் படிப்புக்கோ பணம் எடுக்க வழியுண்டு. அது பெற்றோரின் முதுமைக்கான சேமிப்பு என்பதால் கடைசி வழியாகவே இருக்கட்டும். வேலை செய்துகொண்டே படிப்பவர்கள், முதுகலைக் கட்டணத்துக்கு ஆண்டுக்கு 7,000 ரிங்கிட் வரை வருமான வரி விலக்குக் கோரலாம். ரசீதுகளைப் பத்திரப்படுத்த வேண்டும்.

இளங்கலையில் வாங்கிய பி.டி.பி.டி.என். கடன் இருப்பவர்கள், மேற்படிப்பில் சேர்ந்ததும் திருப்பிச் செலுத்துவதைத் தள்ளிவைக்க விண்ணப்பிக்கலாம். விண்ணப்பிக்காமல் இருந்தால் நிலுவை ஏறிக்கொண்டே போகும்.

படித்த பிறகு

முதுகலைப் பட்டம் வேலையை உறுதி செய்வதில்லை என்பதைப் பெற்றோரிடம் மறைக்கத் தேவையில்லை. அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகப் பொதுவாக முனைவர் பட்டம் வேண்டும். இடைநிலைப்பள்ளியில் நிரந்தர ஆசிரியராகக் கல்வியியல் தகுதியும் தனியாக வேண்டும். அரசாங்க வேலைக்குப் பொதுவாக எஸ்.பி.எம். மலாய் மொழியில் கிரெடிட் கேட்கப்படும். அதைக் கோட்டைவிட்டவர்கள் முதுகலைக்கு முன் அதைச் சரிசெய்துகொள்வது நல்லது.

முதுகலை உண்மையில் உதவும் இடங்கள் வேறு. ஆய்வு நிறுவனங்கள், தோட்ட நிறுவனங்களின் ஆய்வுப் பிரிவு, சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு செய்யும் ஆலோசனை நிறுவனங்கள், மருந்து, உணவுத் தொழிற்சாலைகளின் தரக் கட்டுப்பாடு, நோய் கண்டறியும் கூடங்கள், வன உயிர்ப் பாதுகாப்பு அமைப்புகள் ஆகியவை அவற்றுள் சில. இங்கெல்லாம் பட்டத்தைவிட, "என்ன செய்யத் தெரியும்?" என்ற கேள்விதான் முதலில் வரும். டி.என்.ஏ. பிரித்தெடுத்தல், பி.சி.ஆர்., இனம் காணுதல், வரைபட மென்பொருள், தரவுக் கணக்கீடு ஆகியவற்றில் இரண்டையாவது உறுதியாகக் கற்றுக்கொண்டு வெளியே வர வேண்டும்.

இந்தத் துறையில் ஆள் தேவைப்படும் நேரம் சொல்லிக்கொண்டு வருவதில்லை. 1998, 1999-இல் பேராக்கிலும் நெகிரி செம்பிலானிலும் பன்றிப் பண்ணைகளைச் சுற்றி மர்மக் காய்ச்சல் பரவி நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முதலில் அது ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றுதான் நினைத்தார்கள். மலாயா பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் ஒரு நோயாளியின் மாதிரியிலிருந்து வைரஸைப் பிரித்தெடுத்த பிறகே, அது உலகம் அறியாத புதிய நிப்பா வைரஸ் என்று தெரிந்தது. பழந்தின்னி வௌவாலிலிருந்து அது வந்தது என்பதைப் பிறகு களப்பணியாளர்கள் கண்டுபிடித்தார்கள். கொசு மருந்து அடித்து நிற்காத நோய் ஏன் நிற்கவில்லை என்பதற்கு அப்போதுதான் விடை கிடைத்தது.

விண்ணப்பிக்கும் முன்

சேரப்போகும் படிப்பு எம்.கியூ.ஏ. பதிவேட்டில் உள்ளதா? துறை கேட்கும் சராசரி என்ன? மேற்பார்வையாளர் சம்மதித்து எழுத்தில் தந்துவிட்டாரா? ஆய்வு நிதி எந்த மாதம் வரை? தலைப்பு இரண்டு ஆண்டில் முடியக்கூடியதா? என்னென்ன அனுமதி வேண்டும், யார் விண்ணப்பிப்பது? படித்தொகை நின்றால் ஆறு மாதம் எப்படிச் சமாளிப்பது? பழைய கடனைத் தள்ளிவைக்க மனு போட்டாயிற்றா?

இந்த எட்டுக் கேள்விகளையும் ஒரு தாளில் எழுதி, பதில்களைப் பக்கத்தில் நிரப்பி, அம்மா அப்பாவிடம் காட்டலாம். பதில் இல்லாத இடங்கள் எத்தனை என்று பார்த்தாலே இந்த ஆண்டு சேரலாமா, ஓராண்டு வேலை செய்துவிட்டுச் சேரலாமா என்பது குடும்பத்துக்கே தெரிந்துவிடும்.